காளை, களை, கள் எல்லாம் ஒரே முகவரியில் வந்து நின்றால்: ஜாங்கோ தளத்தில் குறிச்சொல் பிழைகளைத் தீர்க்கும் வழி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்து விவசாயிகள் எழுதித் தரும் குறிப்புகளையும் படங்களையும் சேர்த்துவைக்கும் சிறிய தளம் ஒன்றை நான் பராமரிக்கிறேன். எழுதுகிறவர்கள் பலர் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்தவர்கள். அதனால் குறிப்புகளை வகைப்படுத்தப் போடும் குறிச்சொற்களும் (டேக்) இரண்டு மொழியிலும் வரும். பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவில் தளம் ஓடுகிறது, குறிச்சொல்லுக்கு டேக்கிட் என்ற பேக்கேஜ்.

டேக்கிட்டின் வழிகாட்டியை வரிக்கு வரி பின்பற்றினால் ஆங்கிலக் குறிச்சொற்கள் சிக்கலில்லாமல் ஓடும். தமிழ்ச் சொல் உள்ளே வந்ததும்தான் வழிகாட்டியில் இல்லாத பிழைகள் தலைகாட்டுகின்றன. நம் எழுத்தின் பாதி, கொம்பிலும் காலிலும் புள்ளியிலும் இருக்கிறது. மென்பொருளின் சில மூலைகள் அவற்றை எழுத்தாகவே எண்ணுவதில்லை. எந்த மொழியிலும் வரக்கூடிய பிழைகளை வேகமாகச் சொல்லிவிட்டு, நம் மொழிக்கே உரியவற்றில் நிதானமாக நிற்கிறேன்.

## தளமே எழவில்லை

"டேக்கிட் என்ற மாட்யூல் இல்லை" என்று வந்தால், பேக்கேஜ் வேறு ஏதோ ஒரு பைத்தானில் நிறுவப்பட்டிருக்கிறது. தளம் ஓடும் மெய்நிகர் சூழலை இயக்கிவிட்டு, அதற்குள் நின்று பிப் கட்டளையைக் கொடுங்கள். நிறுவும்போது பெயர் ஜாங்கோ-டேக்கிட், நிரலில் இம்போர்ட் செய்யும்போது வெறும் டேக்கிட்.

டேக் மாடலுக்கு ஆப் லேபிள் இல்லை என்று ரன்டைம் எரர் வந்தால், செட்டிங்ஸ் கோப்பின் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் டேக்கிட்டைச் சேர்க்கவில்லை. டேக்கிட் டேக் என்ற டேபிள் இல்லை என்று வந்தால், மைக்ரேட் கட்டளை ஓடவில்லை. சொந்தக் கணினியில் ஓட்டிவிட்டு சர்வரில் ஓட்டாமல் விட்டாலும் இதே செய்திதான் வரும்.

## பதிவு சேமிக்கப்படுகிறது, குறிச்சொல் மட்டும் காணோம்

பிழைச் செய்தி எதுவும் வராது. குறிப்பு ஏறிவிடும், படம் ஏறிவிடும், குறிச்சொல் இடம் மட்டும் காலியாக இருக்கும். படிவத்தை வாங்கிச் சேமிக்கும் வியூவைத் திறந்து பாருங்கள். எழுதியவர் யார் என்று நிரப்புவதற்காக, படிவத்தை கமிட் ஃபால்ஸ் என்று கொடுத்து சேமித்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் குறிச்சொல் போன்ற பல-பல உறவுகள் (மெனி டு மெனி) தாமாகச் சேமிக்கப்படாது. பதிவை முழுதாக சேவ் செய்த பிறகு, படிவத்தின் சேவ் எம்2எம் மெத்தடைக் கூப்பிட வேண்டும். அந்த ஒரு வரி போதும்.

பதிவுக்கு முதன்மைச் சாவி இல்லை, அதனால் டேகுகளைத் தொட முடியாது என்று வேல்யூ எரர் வந்தால் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் பதிவை சேவ் செய்யுங்கள், அப்புறம் டேகை ஆட் செய்யுங்கள்.

## ஒரு குறிச்சொல் இரண்டு மூன்றாக உடைகிறது

எங்கள் பக்கத்தில் தண்ணீரைப் பற்றி எழுதாத விவசாயி இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் என்று ஒருவர் குறிச்சொல் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பரம்பிக்குளம், ஆழியாறு, ஒப்பந்தம் என மூன்று குறிச்சொற்கள் நிற்கும். ஒப்பந்தம் என்பதைத் தட்டினால் 1970-ஆம் வருட நதிநீர் ஒப்பந்தக் குறிப்புகளோடு குத்தகை ஒப்பந்தக் குறிப்புகளும் கலந்து வரும்.

காரணம் டேக்கிட் உள்ளீட்டைப் பிரிக்கும் விதி. உள்ளீட்டில் காற்புள்ளியும் இரட்டை மேற்கோளும் இல்லை என்றால் இடைவெளியை வைத்துப் பிரிக்கும். ஒரு காற்புள்ளி இருந்தாலும் இடைவெளியை விட்டுவிட்டு, காற்புள்ளியில் மட்டும் பிரிக்கும். அதனால் உடனடித் தீர்வு, சொல்லின் கடைசியில் ஒரு காற்புள்ளி போடச் சொல்வது. ஆனால் அதை எழுதுகிறவர்களின் தலையில் சுமத்துவது சரியல்ல என்பது என் எண்ணம். வயலிலிருந்து வந்து கைப்பேசியில் நாலு வரி எழுதுகிறவருக்கு நிரலின் விதி தெரிந்திருக்கத் தேவையில்லை.

நிலையான தீர்வு: காற்புள்ளியில் மட்டும் பிரிக்கும் சிறு ஃபங்ஷன் ஒன்றை எழுதி, செட்டிங்ஸில் "டேக்கிட் டேக்ஸ் ஃப்ரம் ஸ்ட்ரிங்" என்ற அமைப்பில் அதைக் குறிப்பிடுங்கள். அதன் ஜோடி "டேக்கிட் ஸ்ட்ரிங் ஃப்ரம் டேக்ஸ்". இதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திருத்தும் படிவம் திறக்கும்போது, இடைவெளி உள்ள குறிச்சொற்களை டேக்கிட் இரட்டை மேற்கோளுக்குள் வைத்துக் காட்டும். உங்கள் புதிய ஃபங்ஷனுக்கு மேற்கோள் தெரியாது. ஒருவர் குறிப்பைத் திருத்திச் சேமித்ததும் மேற்கோள் குறியோடு புதிய குறிச்சொல் ஒன்று பிறந்துவிடும்.

எண்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 1,000 காய் என்று எழுதினால் 1 தனி, 000 காய் தனி. அந்த ஒப்பந்தப்படி மணக்கடவு என்ற இடத்தில் சித்தூருக்குக் கிடைக்க வேண்டிய 7.25 டிஎம்சியை (ஆயிரம் மில்லியன் கன அடி) குறிச்சொல்லாகப் போட்டால் பெயர் சரியாக நிற்கும், ஆனால் முகவரியில் புள்ளி நீங்கி 725 ஆகிவிடும். அளவுகளைக் குறிச்சொல்லாக ஏற்காமல் தனிப் புலத்தில் வாங்குவது நல்லது.

சொல் உடைவதற்குப் பதில் ப, கால், ல, புள்ளி என்று ஒற்றை எழுத்துகளாகச் சிதறினால் பிரச்சினை படிவத்தில் இல்லை, உங்கள் நிரலில் இருக்கிறது. ஆட் மெத்தடுக்குள் ஒரு பட்டியலை விரித்துக் கொடுக்க நட்சத்திரக்குறி போடுவோம். பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சொல் இருந்தால் நட்சத்திரம் அந்தச் சொல்லையே விரித்துவிடும். செட் மெத்தடும் கவனிக்க வேண்டியது. டேக்கிட் 2.0 முதல் அது தனித்தனிச் சொற்களை அல்ல, ஒரு பட்டியலைக் கேட்கிறது. பழைய உதாரணங்களைப் பார்த்து எழுதிய நிரல் இங்கேதான் தடுக்கும்.

## குறிச்சொல்லைத் தட்டினால் 404, அல்லது பக்கமே நோ ரிவர்ஸ் மேட்ச் என்று விழுகிறது

குறிச்சொல்லின் பெயரிலிருந்து முகவரிக்காக உருவாக்கும் வடிவத்துக்கு ஸ்லக் என்று பெயர், அதை உருவாக்குவது ஸ்லகிஃபை. யூஆர்எல் கோப்பில் முகவரியை எப்படி வரையறுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். முகவரியில் எந்தக் குறிகள் வரலாம் என்று சொல்வது கன்வெர்ட்டர். ஸ்லக் என்ற கன்வெர்ட்டரைப் போட்டிருந்தால் அது ஆங்கில எழுத்து, எண், இணைப்புக்கோடு, அடிக்கோடு தவிர வேறு எதையும் உள்ளே விடாது. ஸ்லக் என்று பெயர் இருப்பதால் எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். தமிழுக்கு ஸ்ட்ரிங் கன்வெர்ட்டரைப் போடுங்கள்.

டெம்ப்ளேட்டுக்குள் குறிச்சொல்லின் பெயரை ஸ்லகிஃபை ஃபில்ட்டர் வழியாக அனுப்பியிருந்தாலும் இதே பிழை வரும். அந்த ஃபில்ட்டர் ஆங்கிலம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிடும். தமிழ்ச் சொல்லில் மிஞ்சுவது வெறும் காலி. காலிச் சரத்துக்கு முகவரி அமைக்க முடியாமல் பக்கம் விழுகிறது. டெம்ப்ளேட்டில் எப்போதும் டேக் ஸ்லக் என்ற சேமித்த மதிப்பையே எடுங்கள்.

முகவரிகள் அடிக்கோடு 1, அடிக்கோடு 2 என்று மட்டும் தெரிந்தால், யூனிகோடை நீக்கச் சொல்லும் டேக்கிட் அமைப்பை யாரோ ட்ரூ என்று வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள்.

## காளையைத் தட்டினால் களை வருகிறது

முழு நேரமும் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

ஜாங்கோவின் ஸ்லகிஃபை ஃபங்ஷனுக்கு யூனிகோடை அனுமதி என்று சொல்லலாம். 1.9 பதிப்பிலிருந்து இருக்கிற வசதி, டேக்கிட்டும் அதைப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த ஃபங்ஷன் உள்ளுக்குள் பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (சொல்லில் வடிவம் தேடும் விதி) கேட்டுத்தான் எது எழுத்து, எது எழுத்தல்ல என்று முடிவு செய்கிறது. பைத்தானின் சொல்லெழுத்துப் பட்டியலில் க உண்டு, ள உண்டு. கால், கொம்பு, சுழி, புள்ளி எதுவும் கிடையாது. யூனிகோட் அவற்றை எழுத்து என்ற வகையில் வைக்காமல் சேர்க்குறி என்ற வகையில் வைத்திருக்கிறது. அதனால் அவை நிறுத்தக்குறிகளோடு சேர்ந்து வெட்டுப்படுகின்றன.

காளையில் காலும் ஐகாரமும் போனால் கள. களையில் ஐகாரம் போனால் கள. கள்ளில் புள்ளி போனால் கள. கிளியும் கள. களத்துக்கும் குளத்துக்கும் களம. தென்னங்கள்ளுக்குப் பேர்போன சித்தூரில், மாடும் வயலும் குளமும் இல்லாத குறிப்பு ஏது? எங்கள் தளத்தில் அதிகம் புழங்கும் சொற்கள்தான் ஒன்றோடொன்று மோதுகின்றன.

மோதல் வந்தால் டேக்கிட் பின்னால் அடிக்கோடும் எண்ணும் சேர்த்துக்கொள்ளும். முதலில் வந்த களைக்கு கள என்ற முகவரி, பிறகு வந்த காளைக்கு கள அடிக்கோடு 1. இதுவரை அசிங்கமாக இருக்கும், ஆனால் தவறாக இருக்காது. உங்கள் வியூவோ தேடலோ, சேமித்த ஸ்லகை எடுக்காமல் பெயரிலிருந்து புதிதாக ஸ்லக் உருவாக்கித் தேடினால்தான் காளை பக்கத்தில் களை வந்து நிற்கும்.

சரிபார்க்க, ஜாங்கோ ஷெல்லைத் திறந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாக ஸ்லகிஃபைக்குக் கொடுத்துப் பாருங்கள். கொழிஞ்சாம்பாறை கழஞசமபற என்று திரும்பி வந்தால் உங்கள் தளத்திலும் இதே நோய்தான்.

ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. களையும் கலையும் அங்கே ஒன்றாகிவிடலாம். ஒரு மோதலை விட்டு இன்னொரு மோதலுக்குப் போவதில் என்ன பயன்? தவிர, தன் ஊர்ப் பெயரை முகவரிப் பட்டையில் தமிழில் பார்ப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய விஷயம். கேரளத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிற ஒருவருக்கு அது இன்னும் பெரியது.

சரியான தீர்வு, டேக் பேஸ் வகுப்பிலிருந்து உங்களுடைய சொந்தக் குறிச்சொல் மாடலை உருவாக்கி, அதன் ஸ்லகிஃபை மெத்தடை மாற்றி எழுதுவது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா மாட்யூல் ஒவ்வொரு குறியின் வகையையும் சொல்லும். எழுத்து, சேர்க்குறி, எண் மூன்று வகைகளையும் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை இணைப்புக்கோடாக்குங்கள். மற்றதை நீக்குங்கள். அவ்வளவுதான், பத்து வரிக்குள் முடிந்துவிடும். பிறகு குறிப்பையும் குறிச்சொல்லையும் கோக்கும் இணைப்பு மாடல் (த்ரூ மாடல்) ஒன்றை வைத்து, டேக்கபிள் மேனேஜரின் த்ரூ வழியாக இதைக் கட்ட வேண்டும்.

இதைச் செய்ததும் அட்மின் பக்கத்தில் புதிதாக ஒரு பிழை தெரியும். நல்ல தமிழ் ஸ்லகைப் பார்த்து, யூனிகோட் எழுத்துகளும் எண்களும் உள்ள சரியான ஸ்லக் கொடுங்கள் என்று அது கேட்கும். ஸ்லக் புலத்தின் சரிபார்ப்பும் அதே பைத்தான் பட்டியலைத்தான் நம்பியிருக்கிறது. உங்கள் மாடலில் ஸ்லகைச் சாதாரண கேரக்டர் புலமாக மறுவரையறை செய்யுங்கள், தனித்தன்மை நிபந்தனையை மட்டும் விடாதீர்கள்.

ஏற்கெனவே உள்ள குறிச்சொற்களை எடுத்துத் திரும்ப சேவ் செய்தால் ஸ்லக் மாறாது. டேக்கிட் புதிதாகச் சேர்க்கும்போது மட்டும்தான் ஸ்லக் உருவாக்கும். பழையவற்றுக்கு டேட்டா மைக்ரேஷன் ஒன்று எழுத வேண்டும். தளம் சிறியதாக இருக்கும்போதே இந்த மாற்றத்தைச் செய்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவுகள் ஏறிய பிறகு த்ரூ மாடலை மாற்றுவது சிரமம். புதிய பெயரில் இன்னொரு புலம் வைத்து, குறிச்சொற்களை அதற்கு நகலெடுத்து, பழைய புலத்தை நீக்குவதுதான் அப்போது பாதுகாப்பான வழி.

## கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் குறிச்சொல் பட்டியலில் இரண்டு முறை

கொழிஞ்சாம்பாறை இரண்டு முறை, ஒன்றில் நிறைய குறிப்புகள், மற்றதில் கொஞ்சம். எழுத்துப்பிழை எதுவும் தெரியாது. ஷெல்லில் இரண்டையும் எடுத்து ஒவ்வொரு குறிக்கும் அதன் எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். ஒன்றில் க-வுக்குப் பின் 3018 இருக்கும். மற்றதில் 3014, 3006 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ஒகரக் குறி முழுதாக. இரண்டாவது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசமே தெரியாது. ஓகாரத்திலும் ஔகாரத்திலும் இதே கதை.

இதற்கு யூனிகோட் இயல்பாக்கம் இருக்கிறது. என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் தனித்தனிக் கொம்பும் காலும் ஒன்றாகிவிடும். அதை எங்கே செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாடலின் சேவ் மெத்தடில் செய்யாதீர்கள். டேக்கிட் முதலில் பெயரை வைத்துத் தேடும், கிடைக்கவில்லை என்றால் புதிதாக உருவாக்கும். சேவில் இயல்பாக்கினால், தேடலுக்குப் போவது பழைய வடிவம், சேமிக்கப் போவது புதிய வடிவம். ஏற்கெனவே இருக்கும் பெயரோடு மோதி இன்டெக்ரிட்டி எரர் வரும். சொல் உள்ளே நுழையும் வாசலில் இயல்பாக்குங்கள். படிவத்துக்கு, முன்பு சொன்ன பிரிக்கும் ஃபங்ஷன்தான் வாசல். நிரல் வழியாக நேரடியாக ஆட் செய்யும் இடங்கள் அந்த வாசலைத் தொடாது, அங்கும் அதே ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரத்தின் சிறகுக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே தட்டச்சு செய்திருந்தால் அது வேறு எழுத்து, இயல்பாக்கம் அதைத் தொடாது. ஸ்ரீ என்பது ஸ, அதாவது 3000 எண்ணோடும் வரும், ஶ, அதாவது 2998 எண்ணோடும் வரும். பின்னது யூனிகோட் 4.1 பதிப்பில் 2005-இல் சேர்ந்தது. கோயில் திருவிழாப் படங்களில் இந்த இரட்டை அடிக்கடி தட்டுப்படும். இரண்டையும் ஒன்றாக்க நீங்களே ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையாளக் குறிச்சொற்களில் இதைவிடப் பெரிய சிக்கல் சில்லெழுத்து, அதாவது உயிர் சேராமல் நிற்கும் சில மெய்களுக்கான தனி வடிவம். மலையாளத்தில் பால் என்று எழுதினால் கடைசியில் சில்லு, சித்தூர் என்று எழுதினாலும் கடைசியில் சில்லு. எங்கள் தாலுகாவின் பெயரும் எங்கள் பால் சொசைட்டிகளின் தொழிலும் இதில் மாட்டிக்கொள்கின்றன. 2008-இல் வந்த யூனிகோட் 5.1 வரை, மெய்யெழுத்து, சந்திரக்கலை (நம் புள்ளி போன்றது), அதன்பின் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் (8205) என்று மூன்றாகச் சில்லை எழுதினார்கள். அதற்குப் பிறகு சில்லுகளுக்குத் தனி எண் வந்தது. பாலின் சில்லுக்கு 3453, சித்தூரின் சில்லுக்கு 3452. பழைய முறையும் புதிய முறையும் இன்றைக்கும் கலந்தே புழங்குகின்றன, என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது.

இங்கே வரிசை முக்கியம். நம் ஸ்லகிஃபை கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களை நீக்கிவிடும். தமிழுக்கு அது நல்லது. பழைய முறையில் எழுதிய மலையாளச் சொல்லில் அதை நீக்கினால் சில்லு சாதாரண மெய்யாகிவிடும், படிக்கிறவருக்குச் சொல் உடைந்து தெரியும். ஆகவே முதலில் பழைய சில்லுகளைப் புதிய எண்களாக மாற்றுங்கள், பிறகு என்எஃப்சி, கடைசியாக இணைப்பான்களை நீக்குங்கள்.

## குறிச்சொல் இருக்கும் இடத்தில் கேள்விக்குறிகள்

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துகிறவர்களுக்கு வருவது. டேபிளின் எழுத்துத் தொகுதி லத்தீன்1 ஆக இருந்தால், கண்டிப்பு முறையில் 1366 என்ற பிழை எண் வரும். கண்டிப்பு முறை இல்லாத சர்வரில் பிழையே வராமல் கேள்விக்குறிகள் சேமிக்கப்படும். இரண்டாவதுதான் ஆபத்து, அந்தச் சொற்களைத் திரும்பப் பெற வழியில்லை. பேக்கப் எடுத்துக்கொண்டு, டேபிள்களை யூடிஎஃப்8எம்பி4 தொகுதிக்கு மாற்றுங்கள்.

முகவரியை நகலெடுத்து ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளாக நீள்வது பிழை அல்ல. ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று குறிகள். கொழிஞ்சாம்பாறையின் 14 குறிகள் 126 ஆகும். முகவரியைச் சேமிக்கும் புலம் ஏதாவது வைத்திருந்தால் அதன் நீளத்தை இதற்கேற்பக் கூட்டிவையுங்கள்.

## பட்டியலில் ஒரே குறிப்பு பலமுறை, பக்கம் திறக்க நேரமாகிறது

பால், காளை இரண்டில் ஏதாவது ஒன்று உள்ள குறிப்புகளைக் கேட்டால், இரண்டும் உள்ள குறிப்பு இரண்டு முறை வரும். டிஸ்டிங்க்ட் சேர்த்தால் தீரும். இரண்டும் கட்டாயம் வேண்டும் என்றால் ஃபில்ட்டரை இரண்டு முறை அடுத்தடுத்துப் போடுங்கள்.

வேகத்துக்கு ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் என்பதில் டேகுகளைச் சேருங்கள். செலக்ட் ரிலேட்டட் இங்கே செல்லாது, ஃபீல்டு எரர்தான் வரும்.

## பழைய குறிப்புகளை மொத்தமாக ஏற்றும்போது ஸ்லக் மோதுகிறது

பல்க் கிரியேட்டோ லோட் டேட்டாவோ மாடலின் சேவ் மெத்தடைத் தொடாது. ஸ்லக் உருவாவது அங்கேதான் என்பதால் முதல் குறிச்சொல் காலி ஸ்லக்கோடு உள்ளே போகும், இரண்டாவது தனித்தன்மை நிபந்தனையில் முட்டி நிற்கும். குறிச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சேமியுங்கள். எண்ணிக்கையில் அவை குறிப்புகளைவிடக் குறைவாகவே இருக்கும்.

உங்கள் குறிப்பு மாடலின் சாவி யூயூஐடி (நீளமான தனி அடையாளம்) என்றால், எண் எல்லையைத் தாண்டியது என்று தரவுத்தளம் மறுக்கும். டேக்கிட்டின் வழக்கமான இணைப்பு டேபிள் முழு எண் சாவியைத்தான் எதிர்பார்க்கிறது. யூயூஐடிக்கென்றே ஜெனரிக் யூயூஐடி டேக்டு ஐட்டம் பேஸ் என்ற வகுப்பு இருக்கிறது, த்ரூ மாடலை அதிலிருந்து உருவாக்குங்கள்.

இரட்டைக் குறிச்சொற்களை ஒன்றாக்கும் வேலையை இப்படி மொத்தமாக ஏற்றும் வேலையோடு சேர்த்துச் செய்யாமல் தனியாகச் செய்யுங்கள். முதலில் இரண்டாவது குறிச்சொல்லின் குறிப்புகளுக்கெல்லாம் முதலாவதைச் சேர்த்துவிட்டு, எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே இரண்டாவதை நீக்குங்கள். நீக்கிய முகவரியிலிருந்து சரியான முகவரிக்கு நிரந்தரத் திருப்பம் ஒன்றும் வையுங்கள். எங்கள் ஆட்கள் குறிச்சொல் பக்கத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி வைத்திருப்பார்கள். மாதங்கள் கழித்து வேலந்தாவளத்தில் ஒருவர் அதைத் தட்டும்போதும் அவருடைய குறிப்பு திறக்க வேண்டும்.